என் மனைவியின் புகாரை நான் விசாரித்த விதம்

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அன்றைய தபாலைப் பிரித்து முடித்துவிடுவது என் பழக்கம். வயிறு நிறைந்தபின் படித்தால் எல்லார் மீதும் இரக்கம் வந்துவிடும். அன்று தலைமை அலுவலகத்திலிருந்து வந்த உறையில் என் மனைவியின் புகார் இருந்தது. கணவர் அடிக்கிறார், அவரே காவல் ஆய்வாளர் என்பதால் மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்று எழுதியிருந்தாள். மேலிடம் படித்ததோ இல்லையோ, 'சம்பந்தப்பட்ட ஆய்வாளர் விசாரித்து அறிக்கை அனுப்பவும்' என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். சம்பந்தப்பட்ட ஆய்வாளர் நான்தான். இரண்டு வகையிலும் சம்பந்தப்பட்டவன்.

வேறொருவர் கிழித்துப் போட்டிருப்பார். நான் எண் போட்டுப் பதிந்தேன். வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. விசாரணைக்கு வரச் சொல்லும் கடிதத்தைக்கூட நிலையத்துப் பெண் காவலரிடம்தான் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் பத்து மணிக்கு வந்தாள். மேசைக்கு எதிரே உட்காரச் சொன்னேன். பெண் காவலர் எழுத உட்கார்ந்தார்.

"உங்களை அடிச்சது யாரு?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"பதிவுக்கு வேணும்மா."

"நீங்கதான், ஐயா."

பெண் காவலரின் பேனா நின்றது. "கணவர்னு எழுதும்மா" என்றேன். பெல்ட், குளியலறைக் கதவு, போன மாதம் விழுந்த பல் எல்லாம் அவள் சொன்னபடியே ஏறின. பல் விஷயத்தில் கிழமையை மட்டும் திருத்தினேன். அவள் புதன் என்றாள், அது செவ்வாய்.

"பாத்தவங்க யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லை."

இங்கேதான் அவள் தவறினாள். எங்கள் ஒன்பது வயது மகள் கதவோரம் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். பிள்ளையை இதில் இழுக்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள். அதற்காக ஒரு அதிகாரியிடம் உண்மையை மறைக்கலாமா? சாட்சி இல்லை என்று அறிக்கை எழுதிப் புகாரை முடித்தேன். சட்டப்படி வேறு வழியில்லை.

அன்று மாலை வீட்டில் அவளுடைய வலது மணிக்கட்டை முறித்தேன். என்னை விசாரிக்க வந்த நீங்கள், புகார் கொடுத்ததற்குப் பழிவாங்கினேன் என்கிறீர்கள். புகார் கொடுப்பது அவள் உரிமை. அதில் எனக்கு வருத்தமே இல்லை. பொய் சொன்னதற்குத் தண்டனை உண்டல்லவா? கோர்ட் படியேறி அவள் பெயர் கெடுவானேன் என்று வீட்டோடு முடித்துக்கொண்டேன்.

மகளையும் கூட்டிக்கொண்டு மறுநாளே அவள் கிளம்பிவிட்டாள். பெண் காவலர் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், வாக்குமூலத்தின் நகலை உங்களிடம் கொடுத்திருக்கிறார். நகலில் ஒரு பிழைகூட இருக்காது. அவருக்கு எழுதப் பழக்கியவன் நான்.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று என் மைத்துனர் ஊரெல்லாம் சொல்கிறாராம். வேலி இல்லாத பயிரை மாடு மேயும். அதை யார் அவருக்குச் சொல்வது?

மகளையும் விசாரித்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். அவள் எல்லாவற்றையும் சொன்னாளாம். நான் இல்லாத அறையில் கேட்டால் குழந்தை எதையும் சொல்லும். என்னை எதிரில் உட்காரவைத்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஒன்றுமே நடக்கவில்லை என்பாள்.

அப்பா மேல் அவளுக்கு அவ்வளவு பாசம்.