மூழ்க மறுத்த நீர்மூழ்கி

பிள்ளைகளே, தேராவின் படகுத்துறையில், அக்கரைக்குப் போகும் அப்ரா படகில் ஆள் நிரம்பக் காத்திருந்தோம். பக்கத்தில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது.

“இது முழுகலேன்னா என் மகளுக்கு மார்க்கு இல்ல, மாப்ளே.”

பால்மாவு டின்னில் செய்த நீர்மூழ்கிக் கப்பலை அவர் தண்ணீரில் விட்டிருந்தார். செய்து கொடுத்தவர், கூடவே நின்ற அவருடைய மச்சினர்; ஏசி வேலை பார்ப்பவர்.

“இன்னைக்கு ஸ்கூல்ல செஞ்சு காட்டணும். ரெண்டாம் உலகப்போர்ல கப்பல்களை அடிக்க வந்த ஜெர்மன் நீர்மூழ்கி. ஒரு கப்பலும் அதுகிட்ட சிக்கல. ஃபுஜைரா பக்கம் விமானம் குண்டு போட்டு முழுகிடுச்சு. ஒரே ஒரு ஆளு மட்டும் மேல வந்து நீந்தித் தப்பிச்சான்.”

“அதான் உள்ள ஒரு பொம்மை வச்சேனே மச்சான்.”

“வச்சே. சிலிக்கான் பூசிக் காத்துகூடப் போகாம அடைச்சுட்டியே.”

“லீக் ஆனா எங்க சைட்ல ஃபோர்மேன் விடமாட்டான். கை பழகிப்போச்சு.”

அப்போது கரைக்கு வந்த இன்னொரு அப்ரா, டின்னைத் துறைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. டின் வாய்பிளந்து மூழ்கியது. சற்று நேரத்தில் மஞ்சள் பொம்மை மட்டும் தனியாக மேலே வந்தது.

இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

“யல்லா, சீக்கிரம் அந்த ஆளப் புடி மாப்ளே. நடந்ததச் சொல்ல அவனாவது ஸ்கூலுக்கு வரட்டும்.”