பிணவறை எச்சரிக்கை மணி நின்றுபோனது குறித்து

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தொன்று. கணவரும் ஒரு மகளும் உள்ளனர். மருத்துவமனையின் கணினிப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக சர்வர் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகக் காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எங்களிடம் பதினொரு லினக்ஸ் சர்வர்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான மென்பொருள் பேக்கேஜ்கள் இருக்கின்றன, அவற்றை மாதம் ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். முன்பு பயன்படுத்திய கருவியை ஒவ்வொரு சர்வரிலும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். எதையாவது நீக்க வேண்டியிருந்தால் 'நீக்கலாமா' என்று கேட்டுவிட்டு அது காத்து நிற்கும். இதற்கு எனக்கு மாதம் மூன்று நாட்கள் பிடித்தது. வேறு கருவி பார்க்கும்படி மேலாளர் சொன்னதன் பேரில் மூன்று கருவிகளை இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று மிகவும் மெதுவாக இருந்தது. இன்னொன்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் பழைய நிலையைப் பத்திரப்படுத்தி, தவறினால் திரும்பிப் போக வழி வைத்திருந்தது. ஆனால் அதைக் கற்றுக்கொள்ள நாளாகும். மூன்றாவது கருவி, பதினொரு சர்வர்களையும் ஒரே இடத்திலிருந்து புதுப்பித்து, யாருக்கும் தேவைப்படாத பேக்கேஜ்களைத் தானே நீக்கி, முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் நேரே பச்சைப் புள்ளி காட்டியது. நான் மூன்றாவதைப் பரிந்துரைத்தேன். மேலாளர், "நீ சொன்னா சரிம்மா, அதோட மல்லுக்கட்டப் போறது நீதானே" என்றார். கையெழுத்து அவருடையது, தேர்வு என்னுடையது.

அந்தக் கருவியிலும் நீக்கும் முன் கேட்கும் வசதி இருந்தது. அதை அணைத்து வைத்தது நான். பழைய கருவி கேட்டபோதெல்லாம் பட்டியலைப் படிக்காமலே 'ஆம்' என்று தட்டிப் பழகியிருந்தேன்.

அதன் பிறகு சென்ற மாதம் இரண்டாவது புதன்கிழமை காலை பத்து மணிக்குப் புதிய கருவியை ஓட்டினேன். இருபது நிமிடத்தில் பதினொரு பச்சைப் புள்ளிகளும் வந்தன. அன்று சீக்கிரமாகவே வீட்டுக்குப் போனேன். மகள் கதவைத் திறந்து, "என்னம்மா, வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்றாள். இருவரும் சிரித்தோம்.

பிணவறையின் குளிர் குறைந்தால் மணி அடித்து, பொறியாளருக்குச் செய்தி அனுப்பும் ஒரு புரோகிராம் ஒன்பதாவது சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவர் அதைத் தானே எழுதி, பேக்கேஜாக ஆக்காமல் நேரடியாக ஏற்றியிருந்தார். அது ஓட ஒரு சிறிய துணைப் பேக்கேஜ் தேவை. புரோகிராம் இருப்பதே கருவிக்குத் தெரியாததால், துணைப் பேக்கேஜை யாருக்கும் வேண்டாதது என்று முடிவு செய்து நீக்கிவிட்டது. அப்படி நீக்கியதைக் காட்டும் பதிவின் அச்சுப் பிரதியை இத்துடன் கொடுத்துள்ளேன். ஏழாம் பக்கம், கீழிருந்து நான்காவது வரி.

மறுநாள் வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பிணவறை ஊழியர் எனக்குப் போன் செய்தார். அவரை நாங்கள் எல்லோரும் ஐஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். "தினம் எட்டு மணிக்கு அந்த மணி ஒரு தடவ சும்மா கூவிட்டு அடங்கும்ல, இன்னைக்குக் கூவலையேம்மா" என்றார். நான் திரையைப் பார்த்தேன். "எல்லாம் பச்சையாத்தான் இருக்குண்ணா, நாளைக்கு வந்துடும்" என்று சொல்லி, புகாரைச் சரிசெய்யப்பட்டது என்று பதிந்து மூடினேன். அதன் பிறகு வெள்ளிக்கிழமை அவர் நேரிலேயே வந்தார். காலில் ரப்பர் பூட்ஸ் இருந்ததால் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "இன்னைக்கும் கூவலம்மா" என்றார். நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன், அப்புறம் வாருங்கள் என்று கையைக் காட்டினேன். சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு அவர் வேலை முடிந்து பூட்டிவிட்டுப் போனார். குளிர் இயந்திரம் அன்று மாலை நான்கு பத்துக்கு நின்றிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உடல் எதுவும் வராததால் அறையை யாரும் திறக்கவில்லை. உள்ளே ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவரின் உடல் மட்டும் இருந்தது. வெளிநாட்டிலிருந்த அவருடைய மகள், தான் வந்து சேரும் வரை வைத்திருக்கும்படி கேட்டிருந்தார். அவர் தகப்பனாரைப் பார்த்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஐஸ் அண்ணன் அறையைத் திறந்தார். மணியைச் சோதிக்க என்னை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார்கள். நான் போனபோது உடலின் மேல் துணி இல்லை.

ஓட்டுநரின் மகள் ஒரு மணிக்கு வந்தார். பயணப் பெட்டியின் பிடியில் விமான நிலையத்தில் ஒட்டிய அடையாளச் சீட்டு அப்படியே இருந்தது. உடலை மூடிய சவப்பெட்டியில்தான் தர முடியும் என்று மருத்துவர் சொன்னார். அதன் பிறகு அவர் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் கடந்து போனபோது என் அடையாள அட்டையைப் பார்த்து, "மேடம், நீங்க அப்பாவப் பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். "எப்படி இருந்தாரு?"

"தூங்குற மாதிரிதான் இருந்தாரும்மா" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நான் மேலே போய் துணைப் பேக்கேஜை மறுபடி ஏற்றினேன். மணி அடித்தது.

இரண்டு வாரம் கழித்து அந்த மகள் இங்கே புகார் கொடுத்தார். முகம் நன்றாக இருந்ததாக ஒரு பெண் ஊழியரே சொல்லியிருக்கும்போது, பெட்டியைத் திறக்க மறுத்தது ஏன், வேறு யாருடைய உடலையோ கொடுத்துவிட்டார்களா என்று அதில் கேட்டிருக்கிறார். மணியை நிறுத்தியதாகவும் உடலை மாற்றியதாகவும் சந்தேகத்தின் பேரில் ஐஸ் அண்ணனைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். நேற்று அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் மனைவி உள்ளே போய்விட்டார். அண்ணன், "நான் ரெண்டு தடவ சொன்னேன்ல? அதை மட்டும் எழுதச் சொல்லுங்கம்மா" என்றார்.

அதன்படி சொல்கிறேன். அவர் இரண்டு முறை சொன்னார். உடல் மாற்றப்படவில்லை. இடது புருவத்தின் மேல் குறுக்காக ஒரு பழைய தழும்பு இருந்ததை நான் பார்த்தேன், அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. முகத்தின் மற்ற பகுதி எப்படி இருந்தது என்று அதிகாரி கேட்டார். தனித்தாளில் எழுதலாமா என்று கேட்டேன். எழுதலாம், ஆனால் புகார் கொடுத்தவர் கேட்டால் அந்தத் தாளின் நகலும் தரப்படும் என்றார். அப்படியானால் இதிலேயே எழுதிக்கொள்ளச் சொன்னேன். முகம் வீங்கியிருந்தது, நிறம் மாறியிருந்தது, கண்கள் மூடியிருக்கவில்லை.

தூங்குவது போல் இருந்ததாக நான் அந்தப் பெண்ணிடம் சொன்னது பொய். இங்கே சொன்னவை உண்மை. வாசித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது.

(ஒப்பம்)