அரைப் பேர் போடாத முத்துலிங்கம்

கொட்டகலையில் மழைக்காலத்தில் துவைத்த சாரம் ஒன்று காய மூன்று நாளாகும். எங்கள் கணினி அறையில் இயந்திரங்களுக்குப் பின்னால் போட்டால் முக்கால் மணி நேரம் போதும். விசாரணைக்கு வந்த அன்று ஐயா நனைந்த காலுறையோடு நின்றீர்கள். நான்தான் வாங்கிக் காயப்போட்டுத் தந்தேன். நான் பிறருக்கு உதவுகிறவன் என்பதற்கு அதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம்.

நடந்ததைக் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை, எழுதுகிறேன்.

வெள்ளமோ மண்சரிவோ வந்து ஓர் அலுவலகத்தின் கணினிகள் போய்விட்டால், அதிலிருந்ததற்கு வேறோர் இடத்தில் நகல் இருக்க வேண்டும். ஆளுக்கொரு இடம் கட்டக் கட்டுப்படியாகாது என்று நாலு அரச அலுவலகங்களும் ஒரு பல்கலைக்கழகமும் கூட்டுச் சேர்ந்து, மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை எடுத்துக்கொண்டன. கொழுந்து வாட்டிய மாடியில் இப்போது கணினிகள் வாடுகின்றன. பொறுப்பாளர் நான், முத்துலிங்கம்.

காலை எட்டு மணிக்கு நான் பெரட்டு எடுப்பேன். தோட்டத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற மாதிரி, ஒவ்வோர் அலுவலகத்தின் நகலும் வந்துவிட்டதா என்று பார்த்துப் புத்தகத்தில் போடுவது. முழுதாக வந்தால் திரையில் பச்சை, பாதி வந்தால் மஞ்சள். மஞ்சள் என்றால் அரைப் பேர்.

அரைப் பேர் என்றால் என்னவென்று ஐயாவுக்குத் தெரியாமல் இருக்கலாம். கொழுந்து எடை குறைந்தால் நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கும் அரை நாள்தான் பதிவார்கள். என் அம்மாவுக்கு அப்படி எத்தனையோ நாள் விழுந்திருக்கிறது. நான் போய்க் கணக்கப்பிள்ளையிடம் கேட்கிறேன் என்பேன். "விடு தம்பி, அவங்க பாத்துத்தான் போட்டிருப்பாங்க" என்று தடுத்துவிடுவார். என் கையில் புத்தகம் வந்தால் யாருக்கும் அரைப் பேர் போடுவதில்லை என்று அன்றே தீர்மானித்தேன்.

பல்கலைக்கழகத்தின் நகல் போன தைப்பொங்கலுக்கு அடுத்த நாளிலிருந்து மஞ்சள். இடம் போதவில்லை, அவ்வளவுதான். கடிதம் ஒன்று எழுதியிருந்தால் பெரிய வட்டு அனுப்பியிருப்பார்கள். ஆனால் அதில் 'முழுமையில்லை' என்று எழுத வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. பத்து மாதமும் முழுப் பேரே போட்டேன்.

கார்த்திகையில் அந்தப் பெருமழை வந்தது. ஆற்றோரத்தில் இருந்த பல்கலைக்கழகத்தின் கீழ்த்தளம் முழுகியது. கணினிகளும் போயின, தாள்களும் போயின. அங்கே பதிவுகளைப் பார்க்கும் சுகிர்தம் மிஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். கடைசி வருஷப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாக ஒரு வாரம்தான் இருந்தது.

"முத்துலிங்கம், உங்ககிட்ட எல்லாம் இருக்குத்தானே?"

"இருக்குங்க மிஸ்."

அவர் அழுதுவிட்டார். ஓர் ஆள் அப்படி நிம்மதியாக அழும்போது, இல்லை என்று எப்படிச் சொல்வது?

போய்ப் பார்த்தேன். நூற்று அறுபது பிள்ளைகளின் பேர் வந்திருந்தது, விலாசம் வந்திருந்தது. புள்ளிகள் மட்டும் வரவில்லை. ஆகவே நானே போட்டேன்.

மூன்று நாள் உட்கார்ந்து நிதானமாகப் போட்டேன். வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக வேலை செய்ததில்லை. சுலக்ஷனா என்ற பேர் பார்க்க அழகாக இருந்தது, முதல் வகுப்பு கொடுத்தேன். லோஜன் என்பவருக்கும் தாராளமாகவே கொடுத்தேன். அவர் பரீட்சையே எழுதாமல் கட்டாருக்குப் போய்விட்டவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? சித்தி அடைந்ததற்கு நன்றி சொல்லி அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போட்டாராம். நல்ல வளர்ப்பு. அந்தக் கடிதத்தால் ஐயா மலையேறி வர வேண்டியதாயிற்று, அது ஒன்றுதான் வருத்தம்.

ஆனால் எல்லோரும் சித்தி என்றால் யார் நம்புவார்கள்? சிலர் தவறத்தான் வேண்டும். பதினொரு பேரைத் தவறவிட்டேன். விலாசத்தைப் பார்த்தேன். கொழும்புப் பிள்ளை என்றால் தகப்பன் வழக்கறிஞரோடு வருவார். கண்டிப் பிள்ளை என்றால் மேன்முறையீடு வரும். யோசித்துத்தான் செய்தேன்.

அந்தப் பதினொருவரில் ஒருத்தி தனுஷிகா, ஊர் டயகம. பதிவுகள் எல்லாம் இங்கேயிருந்துதான் வந்தன என்று யாரோ சொல்ல, அம்மா காளியாயியையும் கூட்டிக்கொண்டு பஸ் மாறி வந்தாள். இருவருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன். தனக்கு ஆசிரியர் வேலை ஒன்று காத்திருப்பதாகவும், பெறுபேற்றைக் காட்ட இன்னும் ஒன்பது நாள்தான் இருப்பதாகவும் சொன்னாள். நல்ல தமிழ், மரியாதையான பிள்ளை.

"நான் நல்லாத்தாங்க எழுதினேன். ஒருக்கா திருப்பிப் பாருங்களேன்."

திரையைத் திறந்து, கண்ணாடி போட்டு, அவளுக்காகத் திருப்பிப் பார்த்தேன். நான் போட்டது போட்டபடியே இருந்தது. அடுத்த முறை முயற்சி செய்யும்படி ஆறுதல் சொன்னேன். அவள் எழுந்திருக்கவில்லை. அம்மாதான் கையைப் பிடித்தார்.

"விடு புள்ள, அவங்க பாத்துத்தான் போட்டிருப்பாங்க."

எங்கேயோ கேட்ட குரலாகப் பட்டது. வேலை கிடந்ததால் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

நேற்று ஐயா ஒரு விரிவுரையாளரின் குறிப்புப் புத்தகத்தைக் காட்டினீர்கள். வீட்டில் இருந்ததால் நனையாமல் தப்பியதாம். அதில் புள்ளிகளில் முதலாவதாக இருந்த பேர் தனுஷிகா. அந்த ஒன்பது நாளும் போய், வேலையும் வேறொருவருக்குப் போய், இப்போது அவள் டயகமயில் கொழுந்து எடுக்கிறாள் என்றீர்கள். பழகாத கை. எடை எட்டாமல் பாதி நாள் அரைப் பேர்தான் விழுகிறதாம். கேட்டு எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அங்கே புத்தகம் பிடிக்கிறவர் இரக்கமில்லாதவர் போலும்.

பதினொரு பேரும் ஏன் தோட்டத்துப் பிள்ளைகள் என்பதுதானே உங்கள் கடைசிக் கேள்வி. வேறொன்றுமில்லை, ஐயா. எங்கள் ஆட்கள் அரைப் பேருக்குப் பழகியவர்கள், எதிர்த்துக் கேட்க மாட்டார்கள். அது தெரிந்துதான் தேர்ந்தெடுத்தேன். மற்றபடி என் பெரட்டுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பாருங்கள். நான் ஒருவருக்கும் அரைப் பேர் போட்டதில்லை.