விட்டுக்கொடுத்த முறைத் தண்ணீர்

துடியலூரில் பஸ்ஸை நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். முன் ஸீட்டில் தலையில் உருமாலை கட்டியிருந்தவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"எங்க வயலு காஞ்சு கெடக்கறதப் பாக்கறதுக்கு மோட்டார்ல ஆளுக வந்தாங்க."

"ஏனுங்க, காஞ்ச வயல்ல என்னங்க இருக்குது பாக்கறதுக்கு?"

"எங்களுக்கு மேல் வயலு பண்ணக்காரரோடதுங்க. வெவசாய இலாகாக்காரங்க புது நெல்லு கொண்டாந்து, ஒத்த நாத்தா நட்டுக் காட்டறோமுன்னாங்க. பண்ணக்காரரு எடம் குடுத்தாரு. சங்கத்துல எரு குடுத்தாங்க. எல்லாருஞ் சேந்து செய்யோணும், வாய்க்கால்ல உங்க முறைக்கு வர்ற தண்ணிய மட்டும் இந்தப் போகத்துக்கு விட்டுக் குடுங்கன்னு எங்க ஊட்டுக்கே வந்து கேட்டாங்க. ஊடு தேடி வந்தவங்ககிட்ட மாட்டேன்னு எப்படீங்க சொல்றது?"

"குடுத்துப்போட்டீங்களா?"

"குடுத்துப்போட்டேனுங்க. அங்க கதிரு பாரந் தாங்காமச் சாஞ்சு நின்னுது. எனக்கு வைக்கோலு கூடத் தேறல."

"பொறகு?"

"அறுப்பன்னைக்கு ஊரக் கூட்டிப்போட்டாங்க. ஆபீசரு மொதல்ல புது நெல்லக் காட்டுனாரு. அப்பறம் வரப்புல திரும்பி நின்னு எங்க வயலக் கைகாட்டி, பழைய நெல்லப் பழைய மாதிரியே நட்டா இப்படித்தான் ஆகுமுன்னாரு. எல்லாருங் கை தட்டுனாங்க."

"நீங்க ஒண்ணுஞ் சொல்லலீங்களா?"

பஸ் கிளம்பியது. அவர் உருமாலையை அவிழ்த்து உதறி மடியில் போட்டுக்கொண்டார்.

"நானுந் தட்டுனேனுங்க. ஒத்தாசை பண்ணுனவருன்னு என்னைய முன்னால நாற்காலி போட்டு ஒக்கார வெச்சிருந்தாங்களே."