பீங்கான் சலங்கை

— எண்ணூறு ரூபாயா? எம் மாமனாரு கல்யாணச் சீரா குடுத்த ஸ்பீக்கருய்யா இது. வெலை மதிக்க முடியாத சாமான்.

— அதாண்ணே என்னாலயும் மதிக்க முடியல. சோடி எண்ணூறு. பழைய சாமான் வாங்குற வண்டிக்காரன் நான், அதுக்கு மேல கட்டுப்படி ஆகாது.

— எண்ணூறுக்கும் வேணாம், எட்டாயிரத்துக்கும் வேணாம். ஏங்க, எங்கப்பா குடுத்தது இந்த வூட்ட வுட்டுப் போவக் கூடாது.

— நீ சும்மா இரு பானு. வந்த நாள்லேருந்து கொழகொழன்னு கத்துது. உங்கப்பா குடுத்தது டப்பான்னு அன்னைக்கே சொன்னேன்.

— மெக்கானிக்கக் கூப்புடுங்கன்னு நானும் அன்னைலேருந்து சொல்றேன்.

— மெக்கானிக்குக்கு ஒத்த ரூபா தரமாட்டேன். பழமலைநாதன் ஒரு வார்த்த சொன்னா சொன்னதுதான். யோவ் நல்லமுத்து, ஆயிரத்தி ஐநூறு குடுத்துட்டுத் தூக்கிட்டுப் போ.

— பாட்டு போட்டுக் காட்டுங்கண்ணே. கேக்காம வாங்குறது தொழில் தர்மம் இல்ல.

— இந்தா, நல்லா கேட்டுக்க.

— அண்ணே, பாடறவரு கெணத்துல வுழுந்துட்டாரா?

— அவரு நல்லாத்தான் பாடறாரு. நீ வெலையக் கொறைக்கப் பாக்கற.

— ஒண்ணு பீரோ உச்சியில, ஒண்ணு அரிசி மூட்டைக்குப் பின்னாடி. பேச்சுவார்த்த இல்லாத பங்காளிங்க மாதிரி வெச்சிருக்கீங்க. ரெண்டையும் ஒரே மட்டத்துல, ஒக்காந்தா காது இருக்குற ஒசரத்துல, செவுத்த வுட்டு ரெண்டு முழம் தள்ளி வைங்க. அப்பத்தான் நான் ஒழுங்கா வெலை சொல்ல முடியும்.

— பானு, அடுப்படி ஸ்டூலு ரெண்டையும் கொண்டா.

— இந்தாங்க. ஸ்பீக்கரு மேல நிக்கற பொம்மைங்கள மட்டும் அதே வரிசையில திரும்ப வெச்சுடுங்க.

— அண்ணி, ஸ்டூலு மேல ஸ்பீக்கரு ஆடுது. அடியில குடுக்க எதாவது கெட்டியா இருக்குதா?

— இவரு வேல பாக்குற பீங்கான் கம்பெனியிலேருந்து கொண்டாந்த ஃபியூஸு கட்டைங்க ஒரு கூடை கெடக்குது தம்பி. எதுக்குங்கன்னு கேட்டா, எதுக்காவது ஆவும்பாரு.

— பாத்தியா, ஆச்சு இல்ல?

— ஆச்சுண்ணே. பாடறவரு கெணத்த வுட்டு ஏறிட்டாரு. ஆனா பின்னாடி கலகலன்னு ஒரு சத்தம் வருதே.

— அது சலங்கை தம்பி. இந்தப் பாட்டுக்கே அதான் அழகு.

— வேற பாட்டுல வராதா அண்ணி?

— எல்லாப் பாட்டுலயும் வரும். போன வாரம் மழை நியூஸு வாசிச்சப்ப கூட வந்துது.

— அண்ணி, ஸ்பீக்கரு மேல பீங்கான் முயலு, பீங்கான் குருவி, பீங்கான் புள்ளையாருன்னு ஒரு கொலுவே நிக்குது. அதுங்கதான் ஒண்ணோட ஒண்ணு இடிச்சிக்குது.

— அப்ப சலங்கை?

— புள்ளையாரும் முயலும்.

— கருவேப்பிலங்குறிச்சி அத்த வந்தப்ப அந்தச் சலங்கைக்காகவே ரெண்டாந்தடவ போடச் சொல்லிக் கேட்டாங்க.

— எறக்கி வையி பானு. அத்தைக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.

— இன்னொண்ணுண்ணே. தரையிலேருந்து மச்சு வரைக்கும் டைல்ஸ் ஒட்டியிருக்கீங்களே, இது ஹாலா, குளிக்கற ரூமா?

— கம்பெனியில கழிச்சுப் போட்ட செகண்ட்ஸுய்யா, சும்மா கெடச்சுது. சும்மா கெடச்சத எவன் வுடுவான்?

— சத்தம் அதுல பட்டுப் பட்டுத் திரும்புது. எதிர் செவுத்துல கனமா ஒரு ஜமுக்காளம் தொங்கணும்.

— நல்லா இருக்குது. மத்தியானம் இவரு எதுல படுக்கறது?

— தொங்க வுடு பானு. நான் வெறுந்தரையில படுத்துக்கறேன்.

— ஏங்க, ஒடம்பு எதாவது சுடுதா?

— அண்ணே, ஸ்பீக்கருக்குப் பின்னாடி வயரு மாட்டுனது யாரு? ஒண்ணுல செவப்பும் கறுப்பும் எடம் மாறியிருக்குது.

— இவருதான் தம்பி. எனக்குத் தெரியாததான்னு மாட்டுனாரு.

— அன்னைக்கு கரண்டு இல்ல. இருட்டுல எது செவப்பு, எது கறுப்பு?

— ஒண்ணு முன்னால தள்ளுறப்ப இன்னொண்ணு பின்னால இழுக்குது. கட்டில ரெண்டு பேரு தூக்கறப்ப ஒருத்தன் வாசலுக்கும் ஒருத்தன் தோட்டத்துக்கும் போற கதை. மாத்திட்டேன். இப்பப் போடுங்க.

— ஏங்க.

— ம்.

— பாடறவரு நம்ம டீவிகிட்ட நிக்கறாருங்க.

— ம். மூச்சு வுடறது கூட கேக்குது.

— மிருதங்கம் நெஞ்சுல வந்து தட்டுது. எங்கப்பா இருந்து கேக்கணும் இத.

— அண்ணே, இப்ப நீங்க சொன்ன ஆயிரத்தி ஐநூறு நாயம்தான். வண்டியில ஏத்திடட்டுமா?

— எத?

— ஸ்பீக்கரத்தாண்ணே.

— விக்கல.

— இவ்ளோ நேரம் முதுகு ஒடிய வேல பாத்திருக்கேண்ணே.

— உன்ன யாரு பாக்கச் சொன்னா? வெலை கேக்க வந்தவன் வெலையக் கேட்டுட்டுப் போவணும். பானு, ஒரு பைசா செலவு இல்லாம முடிச்சேன் பாரு, அங்க நிக்கறான் பழமலைநாதன். நீ பாட்ட நிறுத்தாத, நான் போயி அடுத்த தெரு கொளஞ்சியக் கேக்கக் கூட்டிட்டு வரேன்.

— அண்ணன் போயிட்டாரா அண்ணி?

— தெருமொன தாண்டிட்டாரு. நல்லா பண்ணீங்க தம்பி. பழைய சாமான் வாங்குறவரு மாதிரி வாங்கன்னு போன்ல சொன்னேன், நீங்க நெசமாவே ஏமாந்தவரு மாதிரி அழுவாத கொறையா நின்னீங்க. மெக்கானிக்குன்னு தெரிஞ்சிருந்தா வாசல்லயே தொரத்தியிருப்பாரு. அவரு வர்றதுக்குள்ள கணக்கச் சொல்லுங்க, கடுகு டப்பாவுல பணம் எடுத்து வெச்சிருக்கேன்.

— டப்பாவ மூடுங்கண்ணி. வேலைக்கு முன்னூறு, வேஷத்துக்கு நூறு, ஆக நானூறு. நீங்க போன் பண்ண மறுநாளே அண்ணன் என் கடைக்கு வந்து, “அவளுக்கு அவங்கப்பா குடுத்தது உசுரு, ஆனா மெக்கானிக்குன்னு வந்தா எம் மானம் போயிடும், பழைய சாமான் வாங்குறவனா வா”ன்னு சொல்லி, முன்பணமாக் குடுத்தது நானூறு. கழிச்சாச்சு, பாக்கி இல்ல.