ஷர்லி பிடுங்கிய இரண்டு ஃபியூஸ்கள்

பெயர் ஷர்லி, வயது 36, க/பெ அறிவுச்செல்வன், கட்டுமாவடி சாலை, அறந்தாங்கி, புதுக்கோட்டை மாவட்டம். 30.06.2025 அன்று காவல் நிலையத்தில் ஆஜராகி, விசாரித்தபோது சொன்னதாவது:

நான் மேற்படி விலாசத்தில் கணவர், மகளுடன் குடியிருந்து வருகிறேன். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துள்ளேன். வீட்டை ஒட்டிப் பதினோரு வருடமாகக் கார் ஒர்க்‌ஷாப் நடத்தி வருகிறேன். நாகராசு, வயது 52, என்பவர் என்னிடம் மெக்கானிக்காக இருக்கிறார். சரவணக்குமார் என்பவரை எனக்கு முன்பின் தெரியாது. வளைகுடாவில் ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசராக இருந்தவர் என்பது அவரே சொல்லித்தான் தெரியும். அதையும் வந்த கால் மணி நேரத்தில் நான்கு முறை சொன்னார்.

12.06.2025 அன்று காலை சுமார் 10.30 மணிக்கு அவர் தன் பழைய பெட்ரோல் காரைக் கொண்டுவந்து, புகை தள்ளுகிறது, இழுவை இல்லை, இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா என்று கேட்டார். கம்ப்ரஷன் டெஸ்ட் பார்த்தால் தெரியும் என்று சொல்லி, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினில் பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கினேன். குழாயில் மிச்சமிருந்த பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் தானாக நின்றது. அதன் பிறகு இக்னிஷன் ஃபியூஸையும் பிடுங்கி, இரண்டையும் என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு நாகராசு நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினார்.

அப்போது சரவணக்குமார், "ஏம்மா, பெட்ரோலும் இல்லாம கரண்டும் இல்லாம இன்ஜின் எப்படி ரீடிங் காட்டும்? அங்கிட்டு நாங்க இப்படியெல்லாம் பண்றதில்ல" என்றார். நான், "சார், பாக்கப்போறது உள்ள இருக்க காத்தோட அழுத்தத்த மட்டுந்தான். பிளக் ஓட்டையெல்லாம் தொறந்து கெடக்கு. பம்ப் ஓடுனா பெட்ரோல் வெளிய பீச்சும், வயர்ல பொறி வந்தா பத்திக்கிரும். எதையும் தொடாதீங்க" என்றேன். அவர் தலையாட்டினார். புரிந்துதான் ஆட்டுகிறார் என்று நான் நினைத்தது, அவருக்கு நான் கொடுத்த அதிகப்படியான மரியாதை.

அதன் பிறகு பேட்டரி சார்ஜரை எடுக்க உள்ளே போனேன். நாகராசு குனிந்து முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில், அழுத்தம் காட்டும் கேஜின் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். ஸ்டார்ட்டர் சுற்றும் சத்தமும் தொடர்ந்து பக்கென்று ஒரு சத்தமும் கேட்டு ஓடிவந்தேன். பானெட்டுக்கு அடியில் தீ எரிந்தது. நாகராசுவின் வலது கை முழங்கை வரை பற்றியிருந்தது. ஈரச் சாக்கால் அவர் கையைச் சுற்றி அணைத்து, அதன் பிறகு தீயணைப்பான் அடித்து வண்டியை அணைத்தேன். சரவணக்குமார் தன் செல்போனைக் காப்பாற்றிக்கொண்டு எதிர் டீக்கடையில் நின்றார்.

அதன் பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஃபியூஸ் பெட்டியைப் பார்த்தபோது, ஹாரனுக்கும் வைப்பருக்கும் உரிய ஃபியூஸ்கள் பிடுங்கப்பட்டு, பம்ப், இக்னிஷன் இடங்களில் செருகப்பட்டிருந்தன. நான் பிடுங்கியவை என் பையிலேயே இருந்தன. அவற்றை இப்போது ஒப்படைக்கிறேன். நாகராசு பீடி குடித்ததால் தீப்பிடித்தது என்று சரவணக்குமார் மனுக் கொடுத்திருப்பதாக அறிகிறேன். நாகராசுவுக்குப் பீடி, வெற்றிலை எந்தப் பழக்கமும் கிடையாது. பீடி குடித்தால் ஃபியூஸ் இடம் மாறுமா என்று சூப்பர்வைசரிடமே விசாரிக்கலாம்.

சம்பவத்துக்கு மறுநாள் சரவணக்குமார் ஆப்பிளுடன், நாகராசு சேர்க்கப்பட்டிருந்த ஆஸ்பத்திரிக்கு வந்து, "பொம்பள கையில வண்டிய விட்டது என் தப்புதான், சமாதானமாப் போயிருவோம்" என்றார். நடந்ததில் அவர் ஒப்புக்கொண்ட தப்பு அது ஒன்றுதான். ஆப்பிளோடு அவரைத் திருப்பி அனுப்பினேன்.

நாகராசுவின் வலது கையில் இரண்டு விரல்கள் இனி முன்போல் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்னொன்றையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். உள்ளே போகும்போது சாவியை நான் வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனேன். தாங்கள் இதைக் கேட்கவில்லை. சரவணக்குமாருக்கு இது தோன்றவே இல்லை. நாகராசுவுக்குத் தெரியும். பதினெட்டு நாளாகக் கட்டு மாற்றும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கிறேன். அவரும் இன்னும் கேட்கவில்லை.

நான் சொன்னதை எழுதி வாசித்துக் காட்டக் கேட்டேன். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை, அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்) ஷர்லி