உள்ளே பேசிக்கொண்டிருக்கிறார்கள்

மணி மூன்று. ராத்திரி மூன்று இல்லை... மத்தியானம் மூன்று.

சிரிக்காதீர்கள். ராத்திரியில் ஒரு தெரு காலியாக இருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. எல்லோரும் தூங்குகிறார்கள். நல்ல வெயிலில், இரண்டு பக்கமும் மாடி வீடுகள் நிற்கிற நீளமான தெருவில், ஒரு ஆள் இல்லை, ஒரு நாய் இல்லை, எங்கேயும் ஒரு பாத்திரம் கழுவுகிற சத்தம் இல்லை என்றால்... காரணத்தை நாம்தான் தேட வேண்டும். அப்படி ஒரு தெருவில், அப்படி ஒரு மூன்று மணிக்கு, ஒருவர் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, இப்பவே சொல்லிடுறேன். நான் இனிமேதான் வண்டிய எடுத்துக்கிட்டுத் தனியா போகணும். பாத்துச் சொல்லுங்க," என்றார் வேன் டிரைவர்.

"பயமா இருந்தா காதைப் பொத்திக்குங்க. நீங்க சொல்லுங்கண்ணா," என்றாள் வாத்தியாரின் தங்கை. சொல்லிக்கொண்டே போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நாங்கள் நான்கு பேர். வாத்தியார் வீடு மாறிய முதல் ராத்திரி. சாமான்களை ஏற்றி இறக்கிய களைப்பில், விரித்துப் போட்ட ஒரே மெத்தைமேல் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். கூடத்தில் ஒரு பல்புதான் இருந்தது. சுவரெல்லாம் வெறுமை. "நாலு நல்ல படம் வாங்கி மாட்டணும்டா, வீடு வீடு மாதிரியே இல்ல" என்று வாத்தியார் சொன்னார். படம் மாட்டுவது என்றதும் எனக்கு இது ஞாபகம் வந்துவிட்டது. வாயைத் திறந்துவிட்டேன்.

அந்தத் தெருவில் நடந்தவர் என் நண்பனின் தாய்மாமா. லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழிக்குள் நின்றபடியே எந்த மாடியில் எந்தக் கதவு மூடுகிறது என்று சொல்லிவிடக்கூடிய காது அவருக்கு. ஆனால் வாய்... அதுதான் இல்லை. ஊமை இல்லை, கோபக்காரர் இல்லை. பேச்சு வராது. ஏதாவது கேட்டால் "ம்". இன்னும் கேட்டால் "ம்ம்". விசேஷ வீடுகளில் அவர் பக்கத்தில் உட்காருகிறவர்கள், தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய், திரும்பி வரமாட்டார்கள்.

மகள் கல்யாணமாகி வெளியூர் போனாள். வீட்டில் அவரும் அத்தையும் மட்டும். அத்தை வாயாடி. நல்ல அர்த்தத்தில் சொல்கிறேன். அவள் இருக்கிற இடத்தில் நாலு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச காலம் தாக்குப் பிடித்தாள்.

"நானே கேள்வி கேட்டு, நானே பதிலும் சொல்லிக்கிட்டு... எனக்குக் கிறுக்குப் பிடிச்சிடும்ங்க. சண்டையாவது போடுங்க," என்றாளாம் ஒருநாள்.

மாமா யோசித்தார். சண்டைக்கும் வார்த்தை வேண்டுமே.

அவள் தன் போட்டோக்கள், காலண்டர், சுவர்க் கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். மாமா வாசலில் நின்றார். 'போகாத' என்பது தொண்டைவரை வந்ததாம். அதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

சுவரில் ஆணிகள் மிச்சம். ஆணிக்குக் கீழே, தூசி படியாத வெளுப்பில், சதுரம் சதுரமாக இடங்கள். சாப்பிடும்போதெல்லாம் அவை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. அவற்றை மூடத்தான் அவர் படம் வாங்கினார்.

அவர் பழுது பார்க்கிற கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் ஒரு ஃபிரேம் கடை. கடையின் மூலையில், பெரிய ஓவியர்கள் வரைந்த படங்களின் அச்சுப் பிரதிகள். அசல் எங்கெங்கோ அருங்காட்சியகங்களில் இருக்கின்றனவாம். போட்டோ என்றே நினைக்கத் தோன்றும், அவ்வளவு நிஜம். நகரத்து மனிதர்கள். ஆனால் எல்லாப் படத்திலும் ஒரே ஒரு ஆள்தான். ஹோட்டல் அறையில், கோட்டைக் கழற்றாமல், பெட்டியைத் திறக்காமல், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற பெண். காசு போட்டால் துணி துவைக்கிற கடையில், இயந்திரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற நடுவயது ஆள். எல்லோரும் போய்விட்ட ஆபீசில், மேஜை விளக்கை அணைக்காமல் இருக்கிற தட்டச்சுக்காரி. காலிப் பேருந்தில் கண்ணாடிமேல் தலை சாய்த்திருக்கிற இளைஞன்.

"அது வேணாம் சார். வாங்கிட்டுப் போறவங்க திருப்பிக் கொண்டுவந்துடுறாங்க. வீட்ல மாட்டினா மனசு கனக்குதாம்," என்றார் ஃபிரேம் கடைக்காரர்.

"எனக்குக் கனக்காது," என்றார் மாமா. அவருக்கு அது நீளமான வாக்கியம்.

கடைக்காரர் ஒரு தொழில் யோசனை சொல்லி அனுப்பினார். "ஆள் இருக்கிற படத்த மாட்டும்போது பார்வைய கவனிக்கணும் சார். அவங்க வாசலைப் பாத்தா வீட்ட விட்டுப் போற மாதிரி இருக்கும். உள்பக்கம் பாக்கற மாதிரி மாட்டுங்க."

மாமா இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். கோட்டுப் பெண் வலப்பக்கம் பார்க்கிறாள். அவளுக்கு வலப்பக்கச் சுவரில் சலவைக்கடை ஆளை மாட்டினார். தட்டச்சுக்காரியின் பார்வை விழுகிற இடத்தில் பேருந்துப் பையன். அங்கே தள்ளி, இங்கே இறக்கி, ஒருவர் பார்வை இன்னொருவர் முகத்தில் விழுகிற மாதிரி... பாவம், ஆளுக்கு ஒரு துணை இருக்கட்டுமே என்று.

"இதுல என்ன தப்பு? நல்ல மனுஷன்தானே?" என்றாள் தங்கை.

தப்பு என்று நான் சொல்லவில்லையே.

அந்த மூன்று மணிக்கு வருகிறேன். மாமா தெருவைக் கடந்து, மாடி ஏறி, தன் வீட்டுப் படிக்கட்டின் திருப்பத்தில்... நின்றார். உள்ளே பேச்சுச் சத்தம்.

வார்த்தை புரியவில்லை. ஆனால் பேச்சு. ஒரு பெண் ஏதோ சொல்கிறாள். ஒரு ஆண் மெல்லச் சிரிக்கிறான். இன்னொரு பெண் நடுவில் புகுந்து மறுக்கிறாள். பழகினவர்கள் பேசிக்கொள்கிற பேச்சு. மாமாவுக்கு முதலில் சந்தோஷம், அத்தை வந்துவிட்டாள் என்று. பிறகு கதவைப் பார்த்தார். அவர் பூட்டிப் போனபடியே பூட்டியிருந்தது; சாவி ஒன்றுதான், அது அவர் பையில்.

பக்கத்து வீட்டுச் சுவரில் காதை வைத்தார். இல்லை. தரையில் வைத்தார். இல்லை. அவர் காது தப்பாது. சத்தம் அவர் வீட்டுக்குள்ளிருந்துதான்.

சாவியைப் போட்டார். 'க்ளிக்' என்றதும் உள்ளே ஒரு பெண் குரல், தெளிவாக:

"ஷ்ஷ்... வந்துட்டாரு."

கதவு திறந்தது. அமைதி. ஆள் இல்லை. படங்கள் இருந்தபடி இருந்தன. ஆனால் வாசனை... துணி சோப்பும் ஈரத் துணியின் ஆவியும். கோட்டுகளில் வைக்கிற பாச்சை உருண்டை. அடியில் லேசாக டீசல்.

டிரைவர் தலையைத் திருப்பி வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

இன்னொருவராக இருந்தால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்திருப்பார். மாமா பயப்படவில்லை. வெட்கப்பட்டார். நான் நுழைந்தால் இவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிடுகிறார்களே என்று. அடுத்த நாளிலிருந்து வேலை முடிந்து வந்ததும் கதவைத் திறக்காமல் படியில் உட்கார ஆரம்பித்தார். வெயில் இறங்குகிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பார்.

"என்னண்ணே, மறுபடியும் சாவிய மறந்துட்டீங்களா?" என்று கேட்பாள் மேல்மாடிக்காரி, தினமும்.

"ம்," என்பார்.

அந்தச் சமயத்தில்தான் அத்தை போன் செய்தாள். தங்கச்சி புருஷன், மாமாவுக்குச் சகலை, நடுவில் நின்று பேசிச் சம்மதிக்க வைத்திருந்தார்.

"ஒரு வாரம் வந்து இருந்து பாக்கறேன். அப்பவும் உம்முன்னு உக்காந்திருந்தீங்கன்னா என் துணிமணி மிச்சத்தையும் எடுத்துட்டுப் போயிடுவேன். அப்புறம் என்னைத் தேடாதீங்க. கேக்குதா?"

"ம்."

"இதுக்குத்தான் சொன்னேன்," என்று போனை வைத்துவிட்டாள்.

அவள் வருவதற்கு முந்தின நாள் மாமா கூடத்தின் நடுவில் நின்று பேசிப் பார்த்தாராம். 'வா.' 'சாப்பிட்டியா.' 'தங்கச்சி எப்படி இருக்கா.' உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தார். கடைசியில் வந்தது ஒன்றுதான்:

"நாளைக்கு அவ வர்றா... எனக்குப் பேச வராது."

படங்கள் என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அத்தை வந்து இறங்கவும், ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய் ஆட்கள் மாட்டிக்கொண்டதாகப் போன் வரவும் சரியாக இருந்தது. மாமா அவள் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு ஓடினார். வேலை முடிந்து திரும்பும்போது மூன்று மணி. தெருவில் யாரும் இல்லை. படிக்கட்டின் திருப்பம்.

உள்ளே அத்தை சிரிக்கிறாள்.

மகள் கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அவர் கேட்டதே இல்லை. மூச்சு வாங்க, "போதும்ங்க... போதும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அவளோடு கோட்டுப் பெண், தட்டச்சுக்காரி, எல்லோரும். மாமா சாவியைக் கையில் எடுத்தார். கதவு வரை போனார்... நின்றார். நான் நுழைந்தால் நின்றுவிடும். அவளும் நிறுத்திவிடுவாள். ஒரு வாரத்தில் போய்விடுவாள்.

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"ஐயோ, கதவத் தொறங்களேன்யா," என்றார் டிரைவர், மாமாவே எதிரில் இருப்பதுபோல.

அத்தை ஒரு வாரத்தில் போகவில்லை. ஒரு மாதத்திலும் போகவில்லை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டாள். "நம்பவே மாட்டீங்க, அவரு ஆளே மாறிட்டாரு. காலையில ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் பேச்சுத்தான். இப்ப நான்தான் கொஞ்சம் வாயை மூடுங்கன்னு சொல்ல வேண்டியிருக்கு." என் நண்பனின் அம்மாவுக்குத் தம்பியை நினைத்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போய்ப் பாத்துட்டு வாடா" என்று மகனை அனுப்பினாள்.

நண்பன் போய்ச் சேர்ந்தது மத்தியானம். அதே தெரு. அவன் செருப்புச் சத்தம் மட்டும் அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்ததாம். மாடி ஏறினான். படிக்கட்டுத் திருப்பத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது.

"மாமா, என்ன இங்க?"

மாமா விரலை உதட்டில் வைத்தார். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். நண்பன் உட்கார்ந்தான். பிறகு மாமா குசுகுசுவென்று, விட்டு விட்டு, நான் இதுவரைக்கும் உங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவனுக்குச் சொன்னார். வாழ்நாளில் அவர் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

"அப்ப நீங்க வீட்டுக்குள்ள போறதே இல்லையா மாமா?"

"எல்லாரும் தூங்கினப்புறம் போய் ஒரு ஓரமாப் படுத்துக்குவேன். விடியறதுக்குள்ள வந்துடுவேன்."

"அத்தை தேட மாட்டாங்களா?"

மாமா கொஞ்ச நேரம் கைரேகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்குகளில் லிஃப்ட் கிரீஸ் காய்ந்திருந்தது.

"தேடலடா," என்றார். "அதான் எனக்கும் புரியல."

கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு ஆரம்பித்தது. நண்பனுக்கும் கேட்டது. அத்தையின் குரல். வேறு பெண்கள். மெல்லிய ஒரு இளைஞன் குரல். எல்லாவற்றுக்கும் நடுவில், நிறுத்தாமல், கதை சொல்லிக்கொண்டே போகிற ஒரு ஆண் குரல்.

"இவன்தான்டா," என்றார் மாமா. அவர் முகத்தில் பொறாமை இல்லை. ஒரு ரசிப்புதான் இருந்தது. "அவ வந்த அன்னிக்குத்தான் இவன் குரலும் மொதல்ல கேட்டுச்சு. என்னமாப் பேசறான் பாரு. இவன்தான் அவளச் சிரிக்க வைக்கிறான். யாருன்னு தெரியல. சலவைக்கடை ஆள் குரல் எனக்குத் தெரியும், அது இல்ல. உனக்குத் தெரியுதா, யார் குரல்னு?"

நண்பன் கேட்டான். லேசான கரகரப்பு. ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசி எழுத்தை விழுங்குகிற பழக்கம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அவனுக்குத் தெரிந்துவிட்டது. வாழ்க்கை முழுக்க 'ம்' சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்குத் தன் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாதுதான். மற்றவர்களுக்குத் தெரியும்.

அது மாமாவின் குரல்.

"தெரியல மாமா," என்றான்.

உள்ளே அந்தக் குரல் நடுவில் நின்றது. பிறகு, கதவுக்கு மிக அருகில் வந்து சொன்னது:

"படியில யாரோ இருக்காங்க. நம்ம மருமகன்தான். பாவம், தனியா உக்காந்திருக்கான். கூப்பிடு."

தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. அத்தை நின்றாள். கன்னம் சதை போட்டு, கண்ணோரத்தில் சிரித்த ஈரம் இன்னும் காயாமல். அவளுக்குப் பின்னால் கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம். ஈரத் துணி வாசனை படிவரைக்கும் வந்தது.

"ஏன்டா இங்க தனியா உக்காந்திருக்க? கதவத் தட்டக் கூடாதா? உள்ள வா, மாமா கூப்பிடறாரு."

அவள் அவனை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் மாமா, அவன் எழுந்து போக வழிவிட்டு, காலை மெதுவாக ஒடுக்கிக்கொண்டார்.